4கே டிவி வாங்கியும் படம் மங்கலா? செலவு செய்யும் முன் சரிபார்க்க ஒரு வழிகாட்டி

புது டிவி சுவரில் ஏறிவிட்டது. அட்டைப்பெட்டியில் 4கே என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஆப்பைத் திறந்து ஒரு படம் போட்டால் இருட்டுக் காட்சியில் சுவரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, மழைக் காட்சி வந்தால் முகமே கரைந்துபோகிறது. இந்த நேரத்தில் கடைக்காரரைக் கேட்டால் விலை கூடிய எச்டிஎம்ஐ கேபிளை எடுத்து நீட்டுவார். நெட் கம்பெனிக்குப் போன் போட்டால் பெரிய ப்ளானுக்கு மாறச் சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டுமே வீண் செலவு.

ஸ்ட்ரீமிங் படம் உங்கள் கண்ணுக்கு வந்து சேர ப்ளான், ஆப், கருவி, நெட், கேபிள், டிவி என்று ஆறு இடங்களைத் தாண்ட வேண்டும். இதில் எது மிகக் குறுகலோ, அந்த அளவுக்குத்தான் படம் தெரியும். மற்ற ஐந்தையும் எவ்வளவு அகலப்படுத்தினாலும் மாற்றம் இருக்காது. அதனால் முதல் வேலை அந்தக் குறுகலான இடத்தைக் கண்டுபிடிப்பது. கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். முதல் நான்கு படிகளைச் சரிபார்க்கக் காசு ஆகாது, அரை மணி நேரம் போதும்.

1. என்ன வருகிறது என்று அளந்து பாருங்கள்

கண்ணை நம்பி எதையும் மாற்ற வேண்டாம். எண்ணைப் பாருங்கள்.

யூடியூபில் வீடியோவின் செட்டிங்ஸ் சக்கரத்துக்குள் 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால் திரை மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி வரும். அதில் 'கரன்ட்' என்ற இடத்தில் 1920×1080 என்றிருந்தால் வருவது 1080பி, 3840×2160 என்றால் 4கே, 854×480 என்றால் நீங்கள் பார்ப்பது எச்டியே அல்ல. பக்கத்திலேயே நெட் வேகமும், எத்தனை வினாடி படம் முன்கூட்டியே சேமிப்பில் இருக்கிறது என்பதும் ஓடும்.

நெட்ஃப்ளிக்ஸில் தேடலில் 'டெஸ்ட் பேட்டர்ன்ஸ்' என்று அடியுங்கள். சோதனைக்கென்றே வைத்திருக்கும் வீடியோக்கள் வரும். ரெசல்யூஷன் (படத்தின் புள்ளி எண்ணிக்கை) திரையிலேயே தெரியும். கம்ப்யூட்டரில் பார்ப்பவர்கள் படம் ஓடும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், டி நான்கையும் சேர்த்து அழுத்தினால் பிட்ரேட்டும் (வினாடிக்கு வரும் தகவலின் அளவு) சேர்ந்து தெரியும்.

இங்கே பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தி, 'எச்டிஎம்ஐ 1, 3840×2160' என்று வந்ததும் 4கே வருகிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ செட்டாப் பாக்ஸோ மாட்டியிருந்தால் அந்த எண் ஸ்டிக் டிவிக்கு அனுப்பும் அளவு மட்டுமே. நெட்டிலிருந்து 480பி வந்தாலும் ஸ்டிக் அதை இழுத்துப் பெரிதாக்கி 2160 என்றுதான் அனுப்பும். ஆப்புக்குள் தெரியும் எண்ணே உண்மையான எண்.

அளக்கும்போது நேரத்தையும் கவனியுங்கள். ஆப்கள் படத்தைச் சில வினாடித் துண்டுகளாகத்தான் இறக்குகின்றன. நெட்டின் நிலையைப் பார்த்து அடுத்த துண்டு எந்தத் தரத்தில் வேண்டும் என்று அவையே முடிவெடுக்கும். ஆகவே:

- படம் தொடங்கி அரை நிமிடம் மங்கலாக இருந்து பிறகு தெளிந்தால் அது இயல்பு. விட்டுவிடுங்கள்.
- பகலில் நன்றாக இருந்து இரவு 8 முதல் 11 வரை மட்டும் மங்கினால் கோளாறு நெட்டில் அல்லது வைஃபையில். படி 5.
- எந்த நேரமும் ஒரே மாதிரி மங்கல் என்றால் பெரும்பாலும் ப்ளான், ஆப், கருவி மூன்றில் ஒன்று. படி 2 முதல் 4.
- எண் 3840×2160 என்று சரியாக இருந்தும் படம் பிடிக்கவில்லை என்றால் நேராகப் படி 7க்குப் போங்கள்.

2. நீங்கள் காசு கட்டிய ப்ளான் எச்டி தருகிறதா?

கேட்க அபத்தமாக இருக்கும். ஆனால் பலருக்குக் கோளாறு இங்கேயே முடிந்துவிடும்.

நெட்ஃப்ளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் விலை குறைத்தபோது வைத்த படிநிலை இது. மொபைல் ப்ளான் 149 ரூபாய், 480பி, போனிலும் டேப்லெட்டிலும் மட்டும். பேசிக் 199 ரூபாய், அப்போது 480பி, பிறகு 720பி. ஸ்டாண்டர்ட் 499 ரூபாய், 1080பி. பிரீமியம் 649 ரூபாய், 4கே, எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை). கட்டும் முன் அன்றைய விலையை ஆப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 199 ரூபாய் ப்ளானில் இருந்துகொண்டு 55 அங்குல டிவியைக் குறை சொன்னால் டிவி என்ன செய்யும்?

ரீசார்ஜோடும் பிராட்பேண்டோடும் 'இலவசமாக' வரும் ஓடிடிகளில் இன்னும் கவனம் தேவை. பட்டியலில் 15 ஆப் பெயர் இருக்கும். அதில் பல, மொபைலில் மட்டும் ஓடும் மலிவு ப்ளானாக இருக்கும். டிவியில் ஓடுபவையும் 720பியில் நின்றுவிடலாம். ஆப்பின் 'அக்கவுன்ட்' பக்கத்தில் ப்ளான் பெயரும், அதன் அதிகபட்ச ரெசல்யூஷனும் இருக்கும். பெயரைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். ரெசல்யூஷன் வரியைப் படியுங்கள்.

நேரக் கணக்கும் உண்டு. நெட்ஃப்ளிக்ஸில் மேல் ப்ளானுக்கு மாறினால் உடனே நடப்புக்கு வரும். கீழே இறங்கினால் அடுத்த பில் தேதியில்தான் மாறும். எனவே 4கே உங்கள் வீட்டில் வித்தியாசம் காட்டுமா என்று பார்க்க ஒரு மாதம் மட்டும் பிரீமியம் எடுத்து, பில் தேதிக்கு இரண்டு நாள் முன்பே இறங்கிவிடுங்கள். கார்டிலோ யூபிஐ ஆட்டோபேயிலோ கட்டுபவர்களுக்குப் பணம் எடுக்கப்படும் 24 மணி நேரத்துக்கு முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸைத் தள்ளிவிடாதீர்கள். ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிற்காது.

3. ஆப்புக்குள் ஒளிந்திருக்கும் சிக்கன மோட்

நெட்ஃப்ளிக்ஸில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனியாக 'பிளேபேக் செட்டிங்ஸ்' உண்டு: ஆட்டோ, லோ, மீடியம், ஹை. எப்போதோ மொபைல் டேட்டாவை மிச்சப்படுத்த 'லோ' போட்டிருந்தால் டிவியிலும் அதுவே ஓடும். அப்பா புரொஃபைலில் தெளிவாகத் தெரிந்து உங்கள் புரொஃபைலில் மங்கினால் காரணம் இதுதான். பிரவுசரில் உள்ளே போய் 'ஹை' அல்லது 'ஆட்டோ' ஆக்குங்கள்.

மற்ற ஆப்களில் 'டேட்டா சேவர்', 'ஸ்ட்ரீமிங் குவாலிட்டி' என்று வேறு பெயரில் இருக்கும். போனில் வைஃபைக்கு ஒன்று, மொபைல் டேட்டாவுக்கு ஒன்று என இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும்.

4. கருவிக்கு அனுமதி இருக்கிறதா?

திருட்டைத் தடுக்க ஓடிடிகள் படத்தைப் பூட்டி அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டு கருவிகளில் அந்தப் பூட்டின் பெயர் வைட்வைன். அதில் எல்1, எல்3 என்று தரம் உண்டு. எல்1 என்றால் பூட்டைத் திறக்கும் வேலை சிப்புக்குள்ளேயே பாதுகாப்பாக நடக்கும், எச்டி கிடைக்கும். எல்3 என்றால் அது வெறும் சாஃப்ட்வேரில் நடக்கும். நெட்ஃப்ளிக்ஸ் 480பிக்கு மேல் தராது. 649 ரூபாய் கட்டினாலும் 200 எம்பிபிஎஸ் நெட் வைத்திருந்தாலும் தராது.

ஆண்ட்ராய்டு போனில் நெட்ஃப்ளிக்ஸ் ஆப்பின் 'ஆப் செட்டிங்ஸ்' உள்ளே 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' என்று இருக்கும். வைட்வைன் எல்1 அல்லது எல்3 என்று அதிலேயே எழுதியிருக்கும்.

எல்3யில் மாட்டுபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, பெயர் தெரியாத கம்பெனிகளின் 'ஆண்ட்ராய்டு பாக்ஸ்'. பெட்டியில் 4கே, 8கே என்று போட்டிருக்கும். யூடியூபில் 4கே ஓடவும் செய்யும். நெட்ஃப்ளிக்ஸ் மட்டும் மங்கும், சில சமயம் இன்ஸ்டாலே ஆகாது. இன்னொன்று, பூட்லோடரைத் (போனின் சாஃப்ட்வேரை மாற்றவிடாமல் காக்கும் பூட்டு) திறந்த போன். சாஃப்ட்வேர் மாற்றியதும் எல்1 போய்விடும்.

லேப்டாப்பில் பிரவுசரைப் பொறுத்து தரம் மாறும். விண்டோஸில் நெட்ஃப்ளிக்ஸ் 4கே வேண்டுமானால் எட்ஜ் பிரவுசர், எச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன் (4கே வீடியோவின் சுருக்கத்தை விரிக்கும் மென்பொருள்), எச்டிசிபி 2.2 (கேபிள் வழியில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) உள்ள மானிட்டர் மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் இறங்கிவிடும்.

5. நெட்: எவ்வளவு வேண்டும், எங்கே ஒழுகுகிறது

நெட்ஃப்ளிக்ஸ் சொல்லும் குறைந்தபட்சம்: 720பிக்கு 3 எம்பிபிஎஸ், 1080பிக்கு 5, 4கேக்கு 15. ஆகவே ஒரே நேரத்தில் ஒரு டிவியில் 4கே, இரண்டு போனில் வீடியோ என்றால்கூட 30 எம்பிபிஎஸ் ப்ளான் போதும். 300 எம்பிபிஎஸ் எடுத்தால் படம் கூடுதலாகத் தெளியாது.

டேட்டா கணக்குக்கு ஒரு சுலப வழி: 1 எம்பிபிஎஸ் தொடர்ந்து ஓடினால் மணிக்கு 0.45 ஜிபி. 5 எம்பிபிஎஸ் என்றால் 2.25 ஜிபி. 15 எம்பிபிஎஸ் என்றால் 6.75 ஜிபி. போன் ஹாட்ஸ்பாட்டில் டிவியைப் போட்டுத் தினம் 2 ஜிபி ப்ளானில் படம் பார்க்க நினைப்பவர்கள் இதைப் போட்டுப் பாருங்கள்: 5 எம்பிபிஎஸ்ஸில் 53 நிமிடம், 15 எம்பிபிஎஸ்ஸில் 18 நிமிடம்கூட வராது. அதற்குப் பிறகு வேகம் விழும், படமும் கூடவே விழும். இடைவேளைக்குப் பின் மங்குகிறது என்ற புகாரின் ரகசியம் பல வீடுகளில் இதுதான்.

ஃபைபர் இணைப்புகளில் மாதம் 3300 ஜிபி வரம்பு பரவலாக உண்டு. மணிக்கு 7 ஜிபி என்றாலும் 470 மணி நேரம், கவலை வேண்டாம். மாடியில் ஆன்டெனா வைத்துத் தரும் 5ஜி வீட்டு இணைப்புகள் பலவற்றில் 1000 ஜிபிதான். அதுவும் ஒரு குடும்பத்துக்குப் போதும்.

புதிதாக இணைப்பு எடுப்பவர்களுக்கு:

ஆதாரும், ஓடிபி வர அதோடு இணைத்த மொபைல் எண்ணும் கையில் இருக்கட்டும். ஆதார் முகவரியும் குடியிருக்கும் முகவரியும் வேறென்றால் வாடகை ஒப்பந்த நகல் கேட்பார்கள். வாடகை வீட்டில் வயர் இழுக்கவும் சுவரில் துளை போடவும் வீட்டு ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆள் ஏணியோடு வந்து நிற்கும்போது ஓனர் மறுத்தால் அடுத்த தேதி ஒரு வாரம் தள்ளிப்போகும்.

விளம்பர விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. 18 சதவீதம் கூட்டுங்கள்: 399 என்றால் பில்லில் 470.82, 699 என்றால் 824.82. இன்ஸ்டலேஷன் கட்டணம், ரவுட்டர் டெபாசிட் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, டெபாசிட்டுக்கு ரசீது வாங்குங்கள். வீடு மாறும்போது அந்தச் சீட்டு இல்லாமல் பணம் திரும்ப வாங்குவது பெரும் பாடு.

ஃபைபர் வயர் மாட்டி முடித்ததும் ஓஎன்டியில் (ஃபைபர் வயர் வந்து சேரும் பெட்டி) வரும் ஒளியின் அளவை டெக்னீஷியனிடம் கேளுங்கள். அவரிடம் அளக்கும் கருவி இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 22 டிபிஎம் (ஒளியின் வலுவை அளக்கும் அலகு) வரை என்றால் நல்ல இணைப்பு. மைனஸ் 27க்கும் கீழே போனால் மழை நாளில் அறுந்து அறுந்து வரும். ஃபைபர் வயரைக் கதவு இடுக்கில் மடக்கி ஆணி அடித்திருந்தால் அதிலேயே ஒளி கசியும். வளைவு அகலமாக இருக்க வேண்டும். ஓஎன்டியில் ஒளி வரவில்லை என்று சொல்லும் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ரவுட்டரை எத்தனை முறை ஆஃப் செய்தாலும் பயனில்லை. புகார்தான் வழி.

வைஃபைதான் உண்மையான வில்லன். ரவுட்டர் வாசல் பக்கம், டிவி உள் அறையில், நடுவே இரண்டு சுவரும் ஒரு இரும்பு பீரோவும். போனில் ரவுட்டர் பக்கத்தில் நின்று வேகம் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். டிவியிலேயே பிரவுசரிலோ ஆப்பிலோ ஃபாஸ்ட் டாட் காம் போட்டு, இரவு 9 மணிக்கு அளந்து பாருங்கள். அது நெட்ஃப்ளிக்ஸே நடத்தும் சோதனை. நெட்ஃப்ளிக்ஸின் சர்வரிலிருந்து எவ்வளவு வருகிறது என்பதை அதுவே காட்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். 20 வீடு உள்ள அபார்ட்மென்ட்டில் எல்லோரும் அந்த மூன்றில் முட்டிக்கொள்கிறார்கள். டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஆனால் அது சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும். ரவுட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் பெயரைப் பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் டிவி தனக்குத் தோன்றியதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் விட நல்லது லேன் கேபிள். கேட் 5இ போதும், 100 மீட்டர் வரை தாங்கும். டிவிகளின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். 15 தேவைப்படும் இடத்தில் அது தாராளம்.

6. கேபிளும் போர்ட்டும்

டிவியில் உள்ள ஆப்பிலேயே பார்ப்பவர்கள் இதைத் தாண்டிவிடலாம்.

ஸ்டிக், பாக்ஸ், கேம் கன்சோல் மாட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது: வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் 4கேக்கு எச்டிஎம்ஐ 2.0 போர்ட்டும், 18 ஜிபிபிஎஸ் தாங்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' கேபிளும் வேண்டும். தங்க முலாம் பூசியது, துணி சுற்றியது எதற்கும் கூடுதல் காசு தேவையில்லை. எச்டிஎம்ஐ சிக்னல் வந்தால் முழுதாக வரும், இல்லாவிட்டால் பொறிப்பொறியாகவோ இருட்டாகவோ போகும். மங்கலாகக் காட்டாது.

சில டிவிகளில் எல்லாப் போர்ட்டும் ஒரே தரமல்ல. போர்ட்டுக்குப் பக்கத்தில் '4கே 60' என்று எழுதியதில் மாட்டுங்கள். அதோடு டிவி மெனுவில் அந்தப் போர்ட்டுக்கு முழு வேகத்தைத் திறந்துவிட வேண்டும்: சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் ப்ளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்ட் ஃபார்மட்'. நடுவில் பழைய சவுண்ட்பாரோ ஏவி ரிசீவரோ இருந்து அதில் எச்டிசிபி 2.2 இல்லை என்றால் 4கே அங்கேயே நின்றுவிடும். ஸ்டிக்கை நேராக டிவியில் மாட்டிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

7. டிவி தானே படத்தைக் கெடுக்கிறது

கடையின் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய டிவிகளை 'விவிட்' அல்லது 'டைனமிக்' மோடில் வைத்திருப்பார்கள். வீட்டிலும் அப்படியே ஓடும். 'மூவி', 'சினிமா', 'ஃபிலிம்மேக்கர்' மூன்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தோன்றும். பிறகு பழைய மோடுக்குப் போனால் முகமெல்லாம் நீலம் பூசியது போல இருக்கும்.

'ஷார்ப்னெஸ்' தெளிவைக் கூட்டும் பொத்தான் என்று நினைத்து ஏற்றிவிடுவார்கள். அது விளிம்புகளில் வெள்ளைக் கோடு போடும், அவ்வளவே. அத்தோடு பிட்ரேட் குறைவால் வந்த கட்டங்களையும் எடுப்பாகக் காட்டிவிடும். நன்றாகக் குறையுங்கள். 'எனர்ஜி சேவிங்' ஆஃப். சீரியல் போல வழுக்கிக்கொண்டு தெரிந்தால் எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' ஆகியவற்றைக் குறையுங்கள்.

விலை குறைந்த டிவிகளில் எச்டிஆர் போட்டால் படம் இருண்டு போவதும் உண்டு. பேனலுக்கு வெளிச்சம் போதாததால் வரும் குறை அது. மெனுவில் எதை மாற்றினாலும் ஓரளவுக்கு மேல் சரியாகாது.

8. இன்னும் டிவி வாங்கவில்லை என்றால்

பெட்டியில் '4கே சப்போர்ட்' என்று இருப்பதும் 4கே பேனல் என்பதும் வேறு வேறு. 4கே சிக்னலை வாங்கி 1366×768 பேனலில் சுருக்கிக் காட்டினாலும் 'சப்போர்ட்' என்று போட்டுவிடுவார்கள். ஸ்பெசிஃபிகேஷனில் டிஸ்ப்ளே ரெசல்யூஷன் 3840×2160 என்று இருக்கிறதா பாருங்கள். 32 அங்குலத்தில் 'எச்டி ரெடி' என்றால் 1366×768.

உட்காரும் தூரத்தை டேப் வைத்து அளங்கள். சாதாரணப் பார்வை உள்ளவருக்கு 43 அங்குல டிவியில் 1.7 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் 1080பியின் புள்ளிகளே பிரிந்து தெரியாது. அதற்கு மேல் 4கேயின் கூடுதல் புள்ளிகள் கண்ணுக்கு எட்டாது. 55 அங்குலத்துக்கு அந்த எல்லை சுமார் 2.2 மீட்டர். நம் ஹால்களில் சோஃபா 3 மீட்டர் தள்ளிக் கிடக்கும். அங்கே 43 அங்குலம் வாங்கி பிரீமியம் ப்ளான் கட்டுவதை விட, 1080பி ப்ளானோடு நிறுத்திக்கொண்டு மிச்சப் பணத்தில் நல்ல பேனல் வாங்குவது மேல். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால் 43க்கு மேல் போவதும் முன்பை விட எளிது.

9. இதெல்லாம் சரியாக இருந்தும் மங்கினால்

அப்போது மிஞ்சுவது உங்களுக்கு அனுப்பப்படும் பிரதியின் தரம். 1080பி, 4கே என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே. அந்தப் புள்ளிகளை நிரப்ப வினாடிக்கு எவ்வளவு தகவல் வருகிறது என்பது பிட்ரேட். யூடியூப் தன் பிரீமியம் சந்தாதாரர்களுக்கு 'கூடுதல் பிட்ரேட்' என்று தனியாக ஒரு 1080பி வைத்திருக்கிறது. ரெசல்யூஷன் அதேதான், தகவல் மட்டும் கூடுதல். எச்டி என்ற முத்திரை எவ்வளவு பொருள் தரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பிட்ரேட் போதாததைக் காட்டிக்கொடுக்கும் காட்சிகள் சில: மழை, புகை, அலை, கிரிக்கெட் மைதானத்துப் புல், தேர்த் திருவிழாக் கூட்டம். ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாப் புள்ளியும் மாறுவதால் சுருக்கும் கணக்கு திணறிப்போகும். இன்னொன்று, இருட்டில் வானம் படிப்படியாக மங்கும் இடத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது. இதை உங்கள் பக்கத்தில் சரிசெய்ய முடியாது.

பழைய தமிழ்ப் படங்களில் இன்னொரு சங்கதி. யூடியூபில் '1080பி எச்டி' என்று கிடப்பதில் பல, டிவிடிக்காக எடுத்த 720×576 பிரதியை இழுத்துப் பெரிதாக்கியவை. டைட்டில் எழுத்துகளின் விளிம்பைப் பாருங்கள்: எழுத்தைச் சுற்றி நிழல் போல வெள்ளைக் கோடு இருந்தாலோ, ஆள் கையை வீசும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் பிரிந்தாலோ அது பழைய வீடியோ பிரதிதான்.

ஒரு படத்தை நிஜமாகவே முழுத் தரத்தில் பார்க்க வேண்டும் என்றால் இன்றும் டிஸ்க்தான். 1080பி ப்ளூ-ரேயில் வீடியோ 40 எம்பிபிஎஸ் வரை போகலாம். 4கே டிஸ்க்கில் 100 ஜிபி வரை இடம் உண்டு. 15 எம்பிபிஎஸ்ஸில் இரண்டு மணி நேரப் படம் 13.5 ஜிபிதான் வரும். வித்தியாசம் அந்த மழைக் காட்சியிலேயே தெரியும். ஆனால் எல்லாப் படத்துக்கும் டிஸ்க் தேடி அலைவது நடக்காத காரியம். மீண்டும் மீண்டும் பார்க்கும் ஐந்தாறு படங்களுக்கு மட்டும் வாங்கலாம்.

வாங்கும் முன் ரீஜனை (டிஸ்க் எந்த நாடுகளில் ஓடும் என்ற பிரிவு) பாருங்கள். சாதாரண ப்ளூ-ரேயில் இந்தியா 'சி' ரீஜன்; அமெரிக்காவிலிருந்து வரும் 'ஏ' டிஸ்க் இங்குள்ள ப்ளேயரில் ஓடாமல் போகலாம். 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது, எங்கிருந்து வாங்கினாலும் ஓடும். வீட்டில் பிள்ளைகளிடம் டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 இருந்தால் தனி ப்ளேயர் வாங்க வேண்டாம். அதிலேயே 4கே டிஸ்க் ஓடும்.